கேட்டதும் சொன்னதும்: துவர்க்கும் பேல் ஏல்

கேள்வி: உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியச் சாற்றின் தூள்) 2.5 கிலோ, உடைத்த கிரிஸ்டல் மால்ட் (முளைகட்டி வறுத்த தானியம்) 400 கிராம் வைத்து 20 லிட்டர் பேல் ஏல் என்னும் வெளிர்நிற பியர் காய்ச்சினேன். தானியத்தைத் துணிப்பையில் கட்டிப் பானையில் போட்டு, தண்ணீர் கொதி வந்தபிறகுதான் எடுத்தேன். பியர் துவர்க்கிறது, நிறமும் கருத்துவிட்டது. எங்கே பிழை? (வாசகர், லண்டன்)

பதில்: அளவில் பிழையில்லை. இந்தக் கணக்குக்குத் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் கரைசலின் அடர்த்தி; வெறும் தண்ணீருக்கு 1.000) 1.049 அளவில் வரும். பேல் ஏலுக்கு அது பொருத்தம்தான். கெடுத்தது அந்தக் கொதி. சூடு 77 டிகிரியைத் தாண்டினால் தானிய உமியிலிருந்து டானின் இறங்கத் தொடங்கும். தேயிலையைக் கொதிக்க விட்டால் வரும் அதே துவர்ப்புதான். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அடிநாக்கில் நிற்கும். டானினோ ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் வறட்டும். லண்டன் தண்ணீர் காரத்தன்மை கொண்டது என்பதால் டானின் இன்னும் எளிதாக இறங்கும்.

அடுத்த முறை 3 லிட்டர் தண்ணீரை மட்டும் 68 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பையை 30 நிமிடம் ஊற விடுங்கள். தூக்கி வடிய விட்டால் போதும், பிழிய வேண்டாம். கிரிஸ்டல் மால்ட்டில் மாவுச்சத்து ஏற்கெனவே சர்க்கரையாகிவிட்டது. ஊறினாலே கரைந்து வரும். சாதாரண பேல் மால்ட்டை இப்படி ஊறவைத்து ஏமாறாதீர்கள். அதன் மாவுச்சத்து சர்க்கரையாக 65 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

கருத்ததற்குக் காரணம், எக்ஸ்ட்ராக்ட் முழுவதையும் ஒரு மணி நேரம் காய்ச்சியதாக இருக்கலாம். பாதியை முதலிலும் மீதியைக் கடைசி 15 நிமிடத்திலும் சேருங்கள். இரண்டு முறையும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை ஏறிவிடும். பழைய எக்ஸ்ட்ராக்ட்டும் கருக்கும். திரவ வகை இன்னும் சீக்கிரம். ஹாப்ஸில் கேஸ்கேட் என்னும் வகை நல்லது: கொதியின் தொடக்கத்தில் 30 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கையில் 25, அணைத்ததும் 30.

கேள்வி: ஏர்லாக்கில் (நொதிக்கும் கலத்தின் வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்தேன். திறந்தால் பாதி நுரையாகப் பொங்கி வழிகிறது. ஏன்?

பதில்: நொதித்து முடியுமுன் அடைத்திருப்பீர்கள்; மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து வாயுவாகிறது. குமிழி நின்றதை நம்பக் கூடாது. மூடி சரியாக இறுகாவிட்டாலும் நிற்கும். குளிரில் ஈஸ்ட் அயர்ந்தாலும் நிற்கும். 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.012-ஐ ஒட்டி மூன்று நாள் அசையாமல் நின்றபிறகே அடையுங்கள். பாட்டிலில் நுரைக்கான வாயு உண்டாக 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போதும். அதைக் கொதித்த நீரில் கரைத்து மொத்த பியரிலும் கலந்துவிடுங்கள். பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் போட்டால் அளவு ஏறியிறங்கும். இப்போது அடைத்தவை வெடிக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குளிரூட்டி, மேலே தடித்த துணியைப் போர்த்தி, மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

கேள்வி: மிஞ்சியதைத் தெரிந்தவர்களுக்கு விற்கலாமா?

பதில்: கூடாது. பிரிட்டனில் 1963 முதல் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம். விற்பதற்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் காய்ச்சிப் பார்க்கவே வேண்டாம், அங்கே அது குற்றம்.