தெருவில் நடப்பதும் காட்டில் நடப்பதும் ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 53. ஏழு மாதங்களுக்கு முன்பு அம்மா தவறிவிட்டார். 'இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாமே' என்று மனசு அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் சரியில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் முக்கால் மணி நேரம் தெருவில் நடக்கிறேன். 'காட்டுக்குள்ள போய் நடங்க அத்தை, மாத்திரையே வேண்டாம்' என்கிறாள் அண்ணன் மகள். 'எங்கே நடந்தாலும் நடைதான்' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அம்மாவைப் பறிகொடுத்து ஏழு மாதம் என்பது ஒன்றும் நீண்ட காலம் அல்ல. உங்கள் மனசு இன்னும் அங்கேயே நிற்பதில் தவறு எதுவும் இல்லை.

மாத்திரையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஜப்பானில் 24 காடுகளில், 280 இளைஞர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிப் பேரைக் காட்டுக்கும் பாதிப் பேரை நகரத்துக்கும் அனுப்பி, மறுநாள் இடம் மாற்றினார்கள். காட்டில் இருந்தபோது மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் 12 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தது. நாடித்துடிப்பும் தணிந்திருந்தது. ஆனால் ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவுதான். மேல் அளவு 140 என்றால், இது 3 புள்ளிகூட இல்லை. நல்ல மாற்றம்தான், ஆனால் மாத்திரையின் வேலையை இது செய்துவிடாது.

சரி, அப்படியானால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ரத்த அழுத்தத்தைவிட, நின்ற இடத்திலேயே சுற்றும் அந்த மனசுதான் பெரிதாகப் பட்டது. மாடு அசைபோடுவதுபோல் ஒரே நினைவைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கிறோமே, அதையே நேராக எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று உண்டு. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 பேரை 90 நிமிடம் நடக்கவைத்தார்கள். சிலர் புல்வெளியும் ஆங்காங்கே ஓக் மரங்களுமாக இருந்த பாதையில் நடந்தார்கள், மற்றவர்கள் வாகனங்கள் நெரியும் சாலை ஓரத்தில். இரண்டும் ஒரே அளவு நடைதான். மரங்களுக்கு இடையே நடந்தவர்களுக்குத்தான் இந்த அசைபோடல் குறைந்தது. அத்தகைய எண்ணங்களோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் சுறுசுறுப்பும் அவர்களுக்கு அடங்கியிருந்தது. சாலையில் நடந்தவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை.

ஏன் இப்படி? தெருவில் நடக்கும்போது வண்டி வருகிறதா, பள்ளம் இருக்கிறதா என்று கவனத்தை இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறோம். அது களைத்துப் போனால் பழைய நினைவைத் தள்ளிவைக்கவும் தெம்பு இருக்காது. இலை அசைவதையும் தண்ணீர் ஓடுவதையும் பார்க்க எந்த முயற்சியும் தேவையில்லை. கவனம் அங்கே ஓய்வெடுக்கிறது. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், துக்கத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகனில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் குளிரில் மரத்தோப்புக்குள் நடந்தவர்களுக்கு அந்த நடை பிடிக்கவே இல்லை. ஆனாலும் நினைவாற்றல் சோதனையில், இதமான நாளில் நடந்தவர்களைப் போலவே அவர்களும் முன்னேறியிருந்தார்கள். ஆகவே காட்டுக்குப் போனால் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

உங்கள் அண்ணன் மகள் எதைப் படித்திருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. ஜப்பானின் வனத்துறை 1982-இல் 'ஷின்ரின்-யோக்கு', அதாவது வனக் குளியல், என்ற பெயரை வைத்தது. பிறகு சிங் லீ என்ற மருத்துவர் 12 ஆண்களை மூன்று நாள் காட்டுக்கு அழைத்துப்போய், நோயை எதிர்க்கும் என்.கே. செல்களின் செயல்பாடு சுமார் 50 சதவீதம் கூடியதைக் கண்டார். மரங்கள் காற்றில் விடும் மணமுள்ள பொருட்களும் இதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்து 'காடு நோயைத் தீர்க்கும்' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எவ்வளவு நேரம் போதும்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்த 2019 ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. உடல்நலம் உள்ளவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்ற கோணமும் உண்டு, என்றாலும் தொடங்குவதற்கு அது நல்ல அளவு. பெரிய காடுதான் வேண்டும் என்றில்லை, மரங்கள் அடர்ந்த பழைய பூங்கா போதும். தெரு நடையை விட்டுவிடாதீர்கள். அதில் இரண்டு மூன்று நாளை மட்டும் மரங்களுக்கு மாற்றுங்கள். மெதுவாக நடங்கள், நடுவில் உட்காருங்கள், போனைப் பைக்குள்ளேயே வையுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால், அல்லது 'நான் இருந்து என்ன' என்று ஒரு தடவை தோன்றினாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடையால் மட்டும் ஆகிற காரியம் இல்லை அது.

முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். அண்ணன் மகளையே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் அரை மணி நேரம் இருவரும் பேசாமல் நடக்கலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அப்புறம் அவளிடம் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். அவளுக்கும் பாட்டி போய் ஏழு மாதம்தானே ஆகிறது.