பழைய பைரக்ஸ் பாத்திரம்: அலமாரிக்கா, அடுப்பங்கரைக்கா?

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் சோர் பஜார் சந்தையில் பழைய கண்ணாடிச் சமையல் பாத்திரங்களைத் தேடி வாங்குவது என் வழக்கம். அண்மையில், அடியில் 'பைரக்ஸ்' என்றும் 'ஜே.ஏ.ஜே.' என்றும் பொறித்த, பூ வேலைப்பாடுள்ள வெள்ளைப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. இதில் சமைக்கலாமா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: அவ்வெழுத்துகள் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் இயங்கிய ஜேம்ஸ் ஏ. ஜாப்லிங் நிறுவனத்தைக் குறிக்கும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1915இல் அறிமுகப்படுத்திய பைரக்ஸ் என்னும் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரங்களைத் தயாரிக்கும் உரிமத்தை அது 1921இல் பெற்றது. கடைக்காரர் எதைக் காட்டினாலும் 'ஃபாரின் மால்' (வெளிநாட்டுச் சரக்கு) என்றுதான் சொல்வார். ஆகவே அடியிலுள்ள முத்திரையை நம்புவதே மேல்.

சமைப்பதற்கு முன், விளிம்பை விரல் நகத்தால் மெல்லத் தடவியும் வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் சூடு பட்டால் உடைந்துவிடக்கூடும். விரிசல் இல்லையென்றாலும் கேஸ் அடுப்பின் தீயில் நேரடியாக வைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததைச் சூடான ஓவனுக்குள்ளும், சூடானதை ஈரமான மேடை மீதும் வைக்கக் கூடாது, ஏனெனில் திடீர் வெப்ப மாற்றத்தைப் பழைய கண்ணாடி தாங்காமல் போகலாம்.

வெளிப்புற வண்ணத்தைப் பற்றியே எனக்குக் கூடுதல் தயக்கம். அக்கால வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு என்பதால், பூ வேலைப்பாடு உதிரத் தொடங்கியிருந்தால் பாத்திரத்தை அலமாரியில் அழகுக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுவுவதற்குக் கம்பி நார் வேண்டாம். மென்மையான துணியும் சோப்பு நீரும் போதும்.