ரோமில் போகுமிடமெல்லாம் மூன்று தேனீ செதுக்கியிருக்கிறதே, யாருடைய சின்னம்? பார்பெரினி என்று குடும்பப்பெயர் உள்ள எல்லாருக்கும் அது உரியதா?

பார்பெரினி குடும்பத்தின் சின்னம்தான். நீலக் கேடயத்தில் பொன்னிறத் தேனீ மூன்று. மேலே இரண்டு, கீழே ஒன்று. ஆனால் ஆரம்பத்தில் அது தேனீயே இல்லை. ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே உள்ள பார்பெரினோவிலிருந்து வந்த இவர்களின் பழைய பெயர் தஃபானி. தஃபானோ என்றால் மாட்டைக் கடிக்கிற பெரிய ஈ. வசதி வந்ததும் ஊர்ப்பெயர் குடும்பப்பெயரானது, ஈ தேனீயானது. பெயரையே படமாக வரைவது அங்கே சகஜம்: கொலோன்னா குடும்பத்துக்குத் தூண், தெல்லா ரோவெரே குடும்பத்துக்கு ஓக் மரம். உழைப்பு, இனிமை என்பதெல்லாம் பிறகு ஏற்றிய பொருள். 1623இல் எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பான மஃபேயோ பார்பெரினி லத்தீனில் கவிதை எழுதுபவர். தேனீ அவருக்கு வாகாகப் பொருந்திவிட்டது.

புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி செய்த வெண்கல விதானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். கொஞ்சம் குனியுங்கள். நான்கு தூண்களின் பளிங்குப் பீடங்களில் எட்டுக் கேடயங்கள், எல்லாவற்றிலும் மூன்று தேனீ. கேடயத்தின் தலைப்பில் ஒரு பெண்முகம். வரிசையாகச் சுற்றி வந்தால் முகத்தில் வலி ஏறும், கேடயத்தின் வயிறு புடைக்கும். எட்டாவதில் பெண் இல்லை, குழந்தை முகம். இதற்குச் சொல்லப்படும் காரணக் கதைகளை நம்பிவிடாதீர்கள்.

தேனீயைக் கண்டாலே பார்பெரினி என்று முடிவு கட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். எண்ணிக்கையில்லாமல் இறைத்தாற்போல் இருந்தால் அது நெப்போலியனுடையது. தேனீயோடு தூணும் சேர்ந்திருந்தால் கொலோன்னா சம்பந்தம். அதை வைத்து உடனே காலம் சொல்ல முடியாது. இந்த இரு குடும்பங்களுக்கும் இடையே 1627இல் ஒரு திருமணம், 1728இல் இன்னொன்று. கல்லில் நிறம் தெரியாது. பழைய அச்சுப்படத்தில் தெரியும். அதில் நிறத்துக்குப் பதில் குறி போட்டிருப்பார்கள்: படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன். அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை. பார்பெரினோவிலிருந்து குடிபெயர்ந்த எவருக்கும் இந்தப் பெயர் வந்திருக்கலாம். அந்தப் பெயரில் ஊரும் ஒன்றுக்கு மேல் உண்டு. சின்னம் வம்சாவளிக்கு உரியது, பெயருக்கு அல்ல. பெயரைக் கொடுத்தால் சின்னம் அச்சடித்துத் தரும் கடைகள் இதைச் சொல்லமாட்டா. உண்மையில் தேடுவதானால் தாத்தா பிறந்த ஊராட்சியின் பிறப்புப் பதிவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். கிடைத்தாலும் பட்டம் கிடைக்காது: 1948 முதல் இத்தாலிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை.