பழைய லிவர் பேனால ரப்பர் பை மாத்துறது எப்படி?

தாத்தாவோட எஸ்டர்புரூக் ஜே (பழைய மை பேனா மாடல்) பேனால, பக்கவாட்டுல இருக்க லிவர் இழுத்தா மை ஏறல, உள்ள கடகடங்குதுன்னு கேட்டிருக்கீங்க. நிப்பு நல்லாத்தான் இருக்கும், உள்ள இருக்க ரப்பர் பை காய்ஞ்சு நொறுங்கிருச்சு, அந்தத் துண்டுதான் சத்தம் போடுது.

நிப்பு இருக்க முன்பக்கத்த ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, மெதுவா திருப்பிக்கிட்டே இழுங்க, வந்துரும். மெழுகுவர்த்தில மட்டும் காட்டிறாதீங்க, பழைய பேனா எதுல செஞ்சதுன்னு தெரியாது, செல்லுலாய்டா இருந்தா குப்புன்னு பிடிச்சுக்கும். பழைய ரப்பர சுரண்டி எடுத்துட்டு, உள்ள பைய அமுக்குற ஸ்பிரிங் பட்டை துருப்பிடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

ஜே சைஸுக்கு 16 நம்பர் பை, அதுலயே ஒல்லியான எல்ஜே, எஸ்ஜே மாடல்னா 14. ஆன்லைன்ல கிடைக்கும். ஒட்ட அரக்குதான் (ஷெல்லாக்) வேணும், மர பாலிஷ் சாமான் விக்கிற கடைல கேளுங்க, ஸ்பிரிட்ல கரைச்சுக்கலாம். பெவிக்விக் போட்டீங்கன்னா அடுத்த தடவை பிரிக்கவே முடியாது, அரக்குன்னா சூட்டுக்கு இளகிக் குடுக்கும்.

பைய அளவா வெட்டி, நிப்பு இருக்க முன்பக்கத்தோட பின்முனைல அரக்கு தடவி மாட்டி, ஒரு ராத்திரி காயவிட்டு, பை மேல வாசனையில்லாத டால்க் பவுடர் தடவி உள்ள விடுங்க. முதல்ல தண்ணி ஏத்திப் பாத்துட்டு அப்புறம் மை ஊத்துங்க.