புளி போட்டுத் துலக்கிய தகடு

அன்புள்ள ஐயா,

கரூர்க்காரன் நான். அருணாசலப் பிரதேசத்தில், மேல் சியாங் மாவட்டத்தில் சாலைப் பணியில் பொறியாளராக இருக்கிறேன். போன மாதம் இங்குள்ள வேட்டைக்கார நண்பர் ஒருவர் காட்டுக்குள் கூட்டிப்போனார். ஓடைக்கரை மூங்கில் புதரில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத்தின் உடைசல்கள் கிடந்தன. முழங்கை நீளத்தில் ஒரு தகடு எடுத்துவந்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததும் கண்ணாடியாக மின்னுகிறது. ஊருக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். இங்கே யாருக்கும் வரலாற்றுணர்வு இல்லை. மற்றதையெல்லாம் வெட்டிப் பாத்திரமாக்கிவிட்டார்கள். இதை நாவலாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? என்னென்ன நூல்கள் படிக்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் எங்கள் சின்னப் பாட்டியின் பழைய குடும்ப அட்டை ஒரு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து கிடைத்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். நாவலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நூல் பட்டியலும் இப்போது வேண்டாம்.

முதலில் அந்தத் தகடு. அதை ஏன் தேய்த்தீர்கள்? நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரமாக ரிவெட் ஓட்டைகள் விரற்கடை இடைவெளியில் வரிசையாகப் போகின்றன. உட்புறத்தில் ஒரு மூலையில் மட்டும் பச்சைப் பூச்சு தப்பியிருக்கிறது. உலோகம் அரிக்காமலிருக்க அன்று பூசிய குரோமேட் அது. அதன் பக்கத்தில் மையால் அச்சடித்த பாதிச் சொல், ‘ஆல்க்’. ஆல்க்ளாட் என்பது விமானத்துக்கான அலுமினியத் தகட்டின் பெயர். ஆலையிலேயே அச்சடித்து அனுப்புவார்கள். மறுபாதி உங்கள் புளியோடு போய்விட்டது. பரிசோதகரின் முத்திரையோ, எண்ணோ அந்த இடத்தில் இருந்திருக்கலாம். எண்பது வருட மழை விட்டுவைத்ததை ஒரே மத்தியானத்தில் துடைத்துவிட்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு வரலாற்றுணர்வு இல்லை என்கிறீர்களே தம்பி!

அவர்கள் பாத்திரம் செய்ததில் என்ன குற்றம்? போர் முடிந்து போகும்போது ஆங்கிலேயர் கான்பூரில் உடைத்துப்போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை எடுத்து, பெங்களூர் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைக்காரர்கள் 42-ஐ மறுபடி பறக்கவைத்தார்கள். 1968 வரை நம் விமானப்படையில் அவை ஓடின. அதைச் சாதனை என்கிறோம். மலையில் தானாக வந்து விழுந்த உலோகத்தில் ஒருத்தி சோறு வடித்தால் அது மட்டும் அறியாமையா? எந்த விமானம் எந்த மேட்டில் விழுந்தது என்று அந்தப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். உங்கள் பக்கத்திலேயே தாம்ரோவுக்கு மேலே, ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்று பெயரெழுதிய பி-24, அதே லிபரேட்டர் வகை, ஒன்று 1944 ஜனவரி 25 அன்று எட்டுப் பேரோடு விழுந்தது. 2006-இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று செய்தி வந்தது. அவருக்கு வழிகாட்டி அழைத்துப்போனது அந்த ஊர்க்காரர்கள்தான்.

1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் சீனாவுக்கான தரைவழி அடைபட்டது. அப்புறம் அசாமின் சாபுவா, தின்ஜான் தளங்களிலிருந்து பெட்ரோலும் வெடிமருந்தும் மலைகளைத் தாண்டிக் குன்மிங்குக்குப் பறந்தன. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6.5 லட்சம் டன் போய்ச் சேர்ந்தது. சுமார் 600 விமானங்கள் போகவில்லை. இறக்கையில் உறையும் பனியும் மணிக்கு நூறு மைலுக்கு மேல் அடிக்கும் காற்றும்தான் பெரும்பாலானவற்றைத் தள்ளின. மலைகளைத் தாண்டும் அந்த வழியை ‘ஹம்ப்’, அதாவது திமில், என்றார்கள். விழுந்து கிடந்த விமானங்களால் விமானிகள் வைத்த இன்னொரு பெயர் ‘அலுமினியப் பாதை’.

ஒரு விமானம் திரும்பவில்லை என்றால் அமெரிக்கப் படை ஓர் அறிக்கை எழுதியது. விமானத்தின் எண், எஞ்சின்களின் எண், துப்பாக்கிகளின் எண், உள்ளே இருந்தவர்களின் பெயர், அவர்களுடைய வீட்டு விலாசம். ஆகவே காட்டில் ஒரு எஞ்சின் எண் கிடைத்தால் அது ஒரு தேதியில் போய் நிற்கும், ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். தகட்டிலுள்ள எண் பெரும்பாலும் உதிரிப்பாகத்தின் எண்ணாகத்தான் இருக்கும். எந்த வகை விமானம் என்று மட்டும் சொல்லும். அதுவும் அந்த ஓடைக்கரையில் கிடந்தால்தான். கரூரில் சுவரில் தொங்கினால் எதையும் சொல்லாது.

சின்னத் தாத்தா ரங்கூனில் அரிசி ஆலையில் கணக்கெழுதினார். 1942-இல் லட்சக்கணக்கானவர்களோடு அவரும் நடந்தே கிளம்பினார். கூட வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டும் ஆறு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். லெடோ போகும் வழியில், பட்காய் மலையில், காய்ச்சலோடு ஒரு ஓடைக்கரையில் உட்காரவைத்துவிட்டு வந்தேன் என்றார். எந்த ஊர்? மலை. என்ன தேதி? தெரியாது. பாட்டிக்கு அப்போது 24 வயது.

திதி கொடுக்கத் தேதி வேண்டும். தேதி தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் எத்தனையோ முறை சொன்னார். பாட்டி ஒப்பவில்லை. “பார்த்தவுங்க யாரு?” என்று ஒரே கேள்வி. குடும்ப அட்டைக்கு எழுத வந்தவரிடம் குடும்பத் தலைவர் என்று தாத்தா பெயரைச் சொல்லி, வயதையும் கணக்குப் போட்டுச் சொன்னாள். 1989-இல் பாட்டி போனபோது தாத்தாவின் பெயர் அட்டையில் அப்படியே இருந்தது. வயது 74.

அவர் கிடந்த மலைக்கு மேலேதான் பிறகு அந்த விமானங்கள் பறந்தன. அவற்றில் போய்த் திரும்பாதவர்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி ‘பார்த்தவர் யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கு ஒரு எண்ணாவது உண்டு. எங்கள் பாட்டிக்கு அதுகூட இல்லை. இந்தியாவில் காணாமல்போன அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 400 பேர் இன்னும் கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் உங்களைச் சுற்றியுள்ள மலைகளில். தம்பி, நீங்கள் தகடு எடுத்த இடத்தில் எலும்பும் இருக்கலாம்.

கோபமாக எழுதிவிட்டேன். அவ்வளவு தூரம் காட்டில் நடந்து போய்ப் பார்க்கிற மனம் எல்லோருக்கும் வராது என்பது எனக்குத் தெரியும்.

தகட்டை மறுபடி தேய்க்காதீர்கள். பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, அதே நண்பரைக் கூட்டிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே வையுங்கள். எதையும் தோண்ட வேண்டாம், வெடிக்காத குண்டு இருக்கலாம். இடத்தைப் படமெடுத்து யிங்கியோங்கில் மாவட்ட அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். பாசிகாட்டில் 2023-இல் திறந்த ஹம்ப் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். கிளம்புவதற்கு முன், ஓரத்தில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, சின்ன வயதில் காசைப் பதித்தெடுப்போமே, அதுபோலப் பென்சிலால் தேய்த்தெடுங்கள். படத்தில் நாலாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.