இலைக்கு எதற்கு வைட்டமின் சி?

“ஐயா, தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன் கீரையைத் தொடுவதே இல்லை. தினமும் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். இயற்கை நமக்காகவே கொய்யாவில் வைத்திருக்கும்போது மாத்திரை எதற்கு என்கிறார் மாமியார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”
- வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையைப் பற்றிப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். பையன் கொய்யா தின்றால் கவலையே வேண்டாம், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கீரைச் சண்டையும் தானாகத் தீரும்.

ஆனால் நமக்காகவே வைத்திருக்கிறதாமே, அதை விட மாட்டேன். படித்தவர் நீங்கள், இதை யோசிக்காமல் ஒப்புக்கொள்ளலாமா? மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே பாசிகள் வைட்டமின் சியைச் செய்துகொண்டிருந்தன. யார் வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது அப்போது?

இலை தனக்காகச் செய்கிறது. வெயிலில்தான் அதன் பிழைப்பு. அந்த வெயிலே மிஞ்சினால் இலையின் சமையலறையான பசுங்கணிகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற, உயிரணுவை அரிக்கும் பொருள் ஊறுகிறது. அதை வெறும் தண்ணீராக்கிவிட வைட்டமின் சி வேண்டும். வெயில் படும் இலையில் அது கூடுதலாக இருப்பது இதனால்தான். என் அம்மா புளோக்குக்குப் பின்னால் இருந்த முருங்கையில் வெயில் பக்கத்துக் கொத்தாகப் பார்த்துத்தான் ஒடிப்பார். ஈர்க்கை உருவும்போது நிழலில் வளர்ந்த மெல்லிய இலை கையில் பட்டால், “இது சப்பென்று இருக்கும்டா” என்று ஒதுக்கிவிடுவார். அந்தக் கைக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆடும் பூனையும் குளுக்கோஸிலிருந்து தங்கள் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்கின்றன. அந்த வழியின் கடைசிப் படியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடவே பிறக்கிறது. தீயணைக்க வந்தவன் கொள்ளிக்கட்டையோடு வந்தால் எப்படி? இலைக்கு அது கட்டுப்படியாகாது. செடியின் வழியே வேறு: மேனோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரைகள் வழியாகப் போய், கடைசிப் படியை உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் முடிக்கிறது. அங்கே வெளிவரும் எலக்ட்ரான்கள் சைட்டோகுரோம் என்ற புரதத்துக்குப் போய்விடுவதால் பெராக்சைடு பிறப்பதில்லை. இந்த வழியை 1998இல் எக்சிடர் பல்கலைக்கழகத்தின் ஸ்மிர்னாஃப் குழு கண்டுசொன்னது. ஆதி உயிரணு ஒன்று நீலப்பச்சைப் பாசியை விழுங்கி, அது பசுங்கணிகமாக மாறிய பிறகுதான் கடைசிப் படியை நடத்தும் பழைய நொதி (ஆட்டிடமும் பூனையிடமும் இன்றும் இருப்பது) போய்ப் புதியது நிலைத்தது என்று 2015இல் ஸ்மிர்னாஃபும் சேர்ந்து எழுதிய ஆய்வு சொல்கிறது.

நமக்கோ அந்தப் பழைய நொதியும் இல்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் குரங்கு மூதாதையரிடம் அதன் மரபணு பழுதானது. சிதைந்த துண்டுகள் இன்னும் நம் உடம்பில் கிடக்கின்றன. காட்டில் பழமும் தளிரும் தாராளமாகக் கிடைத்ததால் குறை தெரியவில்லை. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குத்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது.

பையனுக்குப் பள்ளியில் அறிவியல் பாடம் இருக்குமே. கீழ்த்தளத்துப் பூனை கொய்யா தின்னாமல் எப்படி நன்றாக இருக்கிறது என்று அவனைக் கேளுங்கள். என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.