உயிலா, செட்டில்மென்ட்டா?

"அப்பாவுக்கு 74 வயது. சென்னையில் ஒரே வீடு. நாங்கள் மூவர். நீதிமன்றம் ஏறாமல் பாகம் கிடைக்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னைச் சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம் என்ற 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் உடன்பிறந்தவர் ஒருவர் ஆட்சேபித்தால் வழக்குதான். அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும். என் பெரியப்பாவின் உயிலில் சாட்சிகள் இருவருமே அவருடைய நடைப்பயிற்சி நண்பர்கள். அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடியே இரண்டு வருடம் ஓடியது. சாட்சிக்கு நாற்பது வயதுக்காரரைப் பிடியுங்கள்.

புரோபேட் பேச்சே எழாத வழி, அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் பதிவதுதான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் உயிலைப்போல நினைத்தபோது மாற்ற முடியாது. ஆகவே, அப்பா அம்மா இருவருக்கும் ஆயுள்வரை அனுபவ உரிமை உண்டு, பராமரிப்பது பிள்ளைகள் கடமை என்ற இரண்டு வரிகளும் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ரத்து கோர அந்த நிபந்தனை உதவும். பத்திர எழுத்தர் பழைய நகலைப் பார்த்து எழுதும்போது இதைத்தான் முதலில் விடுவார்.

வங்கி வைப்புக்கு நாமினி போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், பங்கு வாரிசுகளுக்கே.